ஜீப்பைத் திருப்பி நிறுத்தும் நேரம்

ஜனவரி 21, ஞாயிறு

இன்று பூசையில் என் மானம் போயிற்று. எழுதிவிட்டால் கொஞ்சம் ஆறும் என்று எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மூன்று வேலை. தோட்டத்தின் கீழ் லயத்து வரிசை வீடுகளிலும் மேட்டு லயத்திலும் இருக்கிற நம்ம ஆட்களை ஜீப்பில் ஏற்றிவந்து கோயிலில் இறக்குவது. கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்காருவது. நன்மை கொடுக்க ஆரம்பித்ததும், ஜீப்பைத் திருப்பி நிறுத்தப் போகிறேன் என்று வெளியே நழுவுவது. ஒரு ஜீப்பைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? நான் மட்டும் கடைசி ஆள் நன்மை வாங்கி முடிக்கிறவரை திருப்புவேன்.

நற்கருணை என்று சாமியார் சொல்வதை எங்கள் ஆட்கள் நன்மை என்றுதான் சொல்வார்கள். இயேசுவின் உடல் என்று கொடுக்கிற அந்தச் சின்ன வெள்ளை அப்பம். எனக்கு அது கிடையாது. சின்னத்தாயை மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தவன் நான். "எங்க கோயில்ல கட்டுனா பொண்ணு, இல்லைன்னா இல்ல" என்றார் மாமனார். கட்டினேன். சபையின் முன்னால் நடக்காத கல்யாணம் சபைக்குக் கல்யாணம் இல்லை. ஆகவே நன்மை இல்லை. இதில் யார் மேலும் எனக்கு வருத்தம் கிடையாது. ஜீப்பைத் திருப்புவதில் நல்ல பழக்கம் வந்துவிட்டது.

இன்று செபஸ்தியார் திருநாள். தேனீக்கூடு மாதிரி கூட்டம். ஜீப்புக்கு முன்னால் செண்டைமேளக்காரர்களின் வேன், பின்னால் வளையல் கடை. திருப்புவதற்கு வழியே இல்லை. தூணுக்குப் பின்னாலும் இடமில்லை. நடுவில் நின்றேன். முன்னால் நின்றவர்கள் நகர்ந்தார்கள், பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். இரண்டு பக்கமும் பெஞ்சு. நிமிர்ந்து பார்க்கிறேன், புதுச் சாமியாருக்கு நேர் எதிரே நிற்கிறேன்.

அப்பத்தை உயர்த்திப் பிடித்து, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார்.

"ஆமென்" என்று சொல்லவேண்டும். நான் சொன்னது: "வேணாம் சாமி, இப்பத்தான் சாப்பிட்டேன்."

சாமியாரின் அங்கியில் மைக் குத்தியிருந்தது.

கோயில் முழுக்கக் கேட்டது. வெளியே குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள், வளையல் கடைக்காரனுக்கும் கேட்டது. பக்கத்தில் தட்டு ஏந்தி நின்ற உபதேசியார் சூசையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். சாமியார் மட்டும் சிரிக்கவில்லை. என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து, மெல்ல ஓரமாகத் தள்ளிவிட்டார்.

வீட்டில் சின்னத்தாயிடம் நானே சொன்னேன். பிறர் சொல்லிக் கேட்பதைவிட மேல். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏய்யா, என்ன சாப்பிட்டன்னு கேக்கலியா சாமியாரு?" என்றாள். என்னை எப்போதும் "ஏய்யா", "இந்தாய்யா" என்றுதான் சொல்வாள். கோபம் வந்தால் மரியாதை கொடுப்பாள். இன்று மரியாதை இல்லை. நிம்மதி.

ஜனவரி 22, திங்கள்

ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள் காலையில் ஜீப்பில் ஏறினார்கள். ஏறுகிற ஒவ்வொருத்தியும் "சாப்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினாள். கடைசியாக ஏறிய பழனாத்தாள் அக்கா கேட்கவில்லை. ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள்.

ஜனவரி 25, வியாழன்

மகள் நிமி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் தானாக வந்து உட்கார்ந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஐந்தாம் வகுப்பு. ஞானோபதேச வகுப்புக்கும் போகிறாள். நிமிக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சின்னத்தாய் அப்போதே சம்மதித்தாள். "உன் சாமியும் பாத்துக்கிடட்டும், என் சாமியும் பாத்துக்கிடட்டும், பிள்ளை ஒண்ணுதான" என்றாள்.

"அப்பா, மே மாசம் எனக்குப் புது நன்மை."

"தெரியும் தங்கம். வெள்ளை கவுன் எடுக்கணும்."

"அது இல்லப்பா. அம்மாவும் அப்பாவும் ரெண்டு பக்கமும் வரணுமாம். நான் முதல்தடவையா வாங்குனதும் அப்பாவும் வாங்கணுமாம். உபதேசியார் சொன்னாரு." கொஞ்ச நேரம் பாவாடை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கும் ஜீப்பைத் திருப்பப் போயிருவீங்களா?"

இத்தனை நாளாக யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய கள்ளன்.

ஜனவரி 28, ஞாயிறு

பூசை முடிந்து சாமியார் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். கட்டன் சாயா கொடுத்தார். மலையாளி, தமிழைப் பாடம் படித்த மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நல்ல மனிதர்.

"அமிர்தநாதன், நீங்க வாரா வாரம் எத்தனை பேரை ஏத்திட்டு வருது! நீங்க மட்டும் வாசலில். எனக்கு அது சங்கடம்."

"எனக்குப் பழகிருச்சு சாமி."

"அது பழகக் கூடாத காரியம்."

என்ன செய்யவேண்டும் என்று அவர் சொல்ல, உபதேசியார் சூசையப்பன் இடையில் புகுந்து விளக்கினார். பெரிய விஷயம் ஒன்றுமில்லையாம். சின்னத்தாய் மதம் மாறவேண்டாம். சாமியார் முன்னால் இருவரும் சம்மதம் சொல்லவேண்டும், இரண்டு சாட்சி, ஒரு ஜெபம். "கல்யாணத்தை முறைப்படுத்திட்டா சரியாப் போச்சுப்பா" என்றார் சூசையப்பன்.

வரும் வழியெல்லாம் ஒன்றை யோசித்தேன். நன்மைக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து, ஆண்டவரே நான் தகுதியற்றவன் என்கிறோம். சொன்ன கையோடு எல்லோரும் எழுந்து வரிசையில் போகிறார்கள். சொன்னதை அப்படியே நம்பி வெளியே போகிறவன் நான் ஒருவன்தான். தகுதி உள்ளவர்களுக்குத்தான் என்றால் சாமியாரும் என்னோடு ஜீப்பைத் திருப்ப வரவேண்டியதுதானே? இதை அவரிடம் கேட்டிருக்கலாம். நல்ல கேள்வியெல்லாம் எனக்கு இரண்டு வளைவு தாண்டித்தான் வரும்.

ஜனவரி 30, செவ்வாய்

கெடுத்துவிட்டேன்.

நல்ல விஷயம்தானே, வேடிக்கையாக ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். அடுப்படி வாசலில் நின்று, "தாயி, நாம கல்யாணம் பண்ணிக்குவமா?" என்றேன்.

"முத்திருச்சா?" என்றாள். சிரித்தாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள். அந்த முகத்தைத்தான் இப்போது நினைக்க முடியவில்லை.

விளக்கினேன். சூசையப்பன் சொன்ன சொல்லையே சொன்னேன். முறைப்படி. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப மாரியம்மன் முன்னாடி கட்டுனது?"

"அது நமக்கு. இது கோயிலுக்கு."

"அது முறை இல்லையா?"

"அவங்க பார்வையில—"

"இத்தன வருசமா உங்க கூட முறையில்லாமத்தான் இருந்தேனாங்க? எங்கப்பா என் கையைப் புடிச்சு உங்க கையில குடுத்தாரே, அந்த மனுசன் என்னைய சும்மாவா அனுப்பிவிட்டாரு? நிமி யாருங்க அப்ப?"

உங்க. இருந்தேனாங்க. யாருங்க. வந்துவிட்டது மரியாதை.

நான் என்னடா சொன்னேன், அவ மனசு நோகணும்னா சொன்னேன்? ஒரு நல்லது நடக்கட்டும்னுதானே. அதையும் ஒழுங்காச் சொல்லத் தெரியல. வாயா இது, ஓட்டைச் சைலன்சர்.

பிப்ரவரி 2, வெள்ளி

"சாப்பிட வாங்க" என்றாள். ஆறிப்போய் இருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தட்டை நானே கழுவி வைத்தேன்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். தவக்காலம் ஆரம்பம். சாம்பலில் சிலுவை போட்டுக்கொள்ள எல்லோரும் போகலாம், நானும் போகலாம். வருஷத்தில் ஒருநாள் நான் தலைநிமிர்ந்து வரிசையில் நிற்பது இன்றைக்குத்தான். நெற்றியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சின்னத்தாய் நெற்றியைப் பார்த்தாள். இரண்டு வாரமாகத் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவள் பேசினாள்.

"இது மட்டும் எல்லாருக்குமா?"

"ஆமா. எல்லாரும் மண்ணுன்னு சொல்றதுக்கு."

"மண்ணுன்னு சொல்றதுக்கு எல்லாரும் வேணும். சோறு போடுறப்ப மட்டும் ஆள் பாப்பாங்களோ?"

அவள் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று தெரிந்தது. என்னை வெறுத்து இல்லை. ஏதோ ஒன்றை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

காலையில் மூடுபனி. வண்டியின் மூக்கே தெரியவில்லை. பள்ளத்து வளைவில் எதிரே லாரி. இரண்டு சக்கரம் ரோட்டுக்கு வெளியே போய்த் திரும்பி வந்தது. பின்னால் இருந்த பெண்கள் ஒரு சத்தம் போடவில்லை, அதுதான் பயம். "ஏசுவே" என்று நான் கத்தியதாக அவர்கள் சொன்னார்கள். அதற்கு முன்னால் லாரிக்காரனின் அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னேனாம். இரண்டும் ஒரே மூச்சில்.

என் ஜெபமெல்லாம் இப்படி வளைவில் வருவதுதான். நேர் ரோட்டில் எனக்கு ஜெபம் வராது. முழந்தாள் போட்டால் என்ன கேட்பது என்று தெரியாது. கேட்டுவிட்டால் அடுத்து என்ன என்று தெரியாது. டயர், வட்டி, நிமிக்குச் சளி. ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுவேன். மளிகைக் கடையில் நிற்கிற மாதிரி.

சாயந்திரம் சின்னத்தாய் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை. வெகுநேரம் நின்றாள். லாரி விஷயம் அவளுக்கு அதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.

"என்ன வேண்டுன?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கலைங்க. இருக்கோம்னு சொன்னேன்."

'ங்க' இன்னும் இருக்கிறது. ஆனால் கேட்காமலே ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

நானும் படுக்கும்முன் செய்து பார்த்தேன். ஏசுவே, இருக்கோம். அவ்வளவுதான். அடுத்து என்ன என்று இன்று தோன்றவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

ஸ்டாண்டில் மாரீஸ்வரன் என்னைப் பார்த்து விழிக்கிறான், தலையைச் சொறிகிறான். இன்னொரு ஜீப் ஓட்டுகிறவன், சின்னத்தாயைத் தங்கச்சி என்பான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல மாப்ள. தங்கச்சி சத்தியம் வாங்கிருக்கு, சொல்லக்கூடாது."

"அப்ப சொல்லாத."

"போன வெள்ளிக்கிழமை உங்க சாமியார் வீட்டு வாசல்ல எறக்கிவிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டான்.

நேரே சாமியாரிடம் போனேன். சண்டை போட்டாளா சாமி, என்றேன். இல்லை என்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். நின்றுகொண்டே பேசினாளாம். அவள் சொன்னதை அவர் தன் தமிழில் சொன்னார், எனக்கு அவள் குரலிலேயே கேட்டது.

"சாமி, அன்னைக்கு அவரு மனசாரத்தான் கட்டுனாரு. நானும் மனசாரத்தான் கழுத்தை நீட்டுனேன். இன்னொரு தடவை சம்மதம் சொன்னா, அன்னைக்குச் சொன்னது சம்மதம் இல்லைன்னு நானே சொன்ன மாதிரி ஆகும். அதை நான் சொல்ல மாட்டேன். ஆனா ஞாயித்துக்கெழமையானா அவரு வாடிப்போன மூஞ்சியோட வர்றாரு. என்னால அதையும் பாக்க முடியல. ரெண்டுக்கும் சேத்து ஒரு வழி இருந்தாச் சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க."

வாடின மூஞ்சி! நான் சிரித்துக்கொண்டுதானே வருவேன். ஒவ்வொரு வாரமும் கேட்டில் நுழையும்போது சிரிப்பைப் போட்டுக்கொண்டுதானே வருவேன்.

வழி இருக்கிறது என்றார் சாமியார். சடங்கு வேண்டாம், திரும்பச் சம்மதம் சொல்ல வேண்டாம். ஆயர், அதாவது பிஷப், அனுமதி கொடுத்தால், அன்றைக்குச் சொன்ன சம்மதத்தையே சபை ஏற்றுக்கொள்ளும். அந்தப் பழைய சம்மதம்தான் வேர் என்றார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை சாமி, என்றேன். சங்கடப்பட்டார். "எல்லாரும் கல்யாணச் சடங்குதான் ஆசைப்படும். போட்டோ, பிரியாணி. நிங்களும் அப்படி என்று கருதினேன். உங்க பார்யா வந்து நின்னு கேட்டப்போ எனக்கு வெட்கமாச்சு." அதே வெள்ளிக்கிழமையே ஆயருக்கு எழுதிவிட்டாராம். நான் கையெழுத்துப் போடவேண்டியது மட்டும் பாக்கி. விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளையை அதில் வளர்ப்பேன் என்று. போட்டேன். கையெழுத்து கோணலாக, சூசையப்பன் கையெழுத்து மாதிரி வந்தது.

வீட்டில் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அவளாகச் சொல்லட்டும். மாரீஸ்வரன் சத்தியத்தையும் காப்பாற்றின மாதிரி இருக்கும்.

மார்ச் 29, வெள்ளி

பெரிய வெள்ளி. காலையில் நான் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சின்னத்தாய் சேலை மாற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "நீ வர்றியா?" என்றேன். "ஏன், சீட்டு வாங்கணுமா?" என்றாள். பின்னால் பழனாத்தாள் அக்கா தொண்டையைக் கனைத்தாள். நிமிக்குச் சிரிப்பு.

நடுப்பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் வேறு வழியில்லாமல் நடுப்பெஞ்சில். சிலுவையை முத்தமிடும்போது அவளும் போனாள், பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நன்மை கொடுக்க ஆரம்பித்தார்கள். என் கால் தானாக எழுந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க?"

"ஜீப்பை—"

"வண்டி எங்கயும் போகாது. உக்காருங்க."

உட்கார்ந்தேன். எங்கள் வரிசையில் எல்லோரும் எழுந்து, எங்கள் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். நான் தரையைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. தாண்டுகிறவர்களுக்கு வசதியாகக் காலை ஒதுக்கி ஒதுக்கிக் கொடுத்தாள், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காரருக்கு வழி விடுகிற மாதிரி. எல்லோரும் போனபிறகு அந்தப் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் தோள் என் தோளில் பட்டது. வெளியே தனியாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தேன். உட்கார்ந்திருப்பது இவ்வளவு லேசான காரியமா?

முடிந்ததும் முற்றத்தில் எல்லோருக்கும் கஞ்சியும் பயறும். பெரிய வெள்ளிக்கு இங்கே எல்லாக் கோயிலிலும் உண்டு. வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். சாமியாரும் உட்கார்ந்தார். சூசையப்பன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். யாரும் யாரையும் நீ எந்தக் கோயிலில் தாலி கட்டினாய் என்று கேட்கவில்லை. பசி. எனக்குத் தட்டு சீக்கிரம் காலியாகிவிட்டது. வாளி இன்னும் அந்தக் கோடியில் இருந்தது. சின்னத்தாய் தன் தட்டைச் சாய்த்து என் தட்டில் பாதியை ஊற்றினாள்.

"இந்தாய்யா. எனக்குப் போதும்."

இந்தாய்யா!

மாங்காய் ஊறுகாய் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 24, புதன்

ஆயரிடமிருந்து அனுமதி வந்துவிட்டது. சாமியார் போனில் சொன்னார். ஸ்டாண்டிலேயே மாரீஸ்வரனைக் கட்டிப்பிடித்தேன், அவன் பயந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சின்னத்தாய் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன போட்டுருக்காம்?"

"அன்னைக்குச் சொன்ன சம்மதம் சம்மதம்தானாம்."

"அது நமக்குத் தெரியாதாக்கும்" என்றாள். புளியைப் பிழிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் சொன்னாங்கள்ல" என்றாள்.

மே 11, சனி

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எத்தனையோ வருஷத்துக்கப்புறம். நாளைக்கு நன்மை வாங்க இது வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் எல்லாம் பத்து வயதுப் பிள்ளைகள். நிமி முடித்துவிட்டு வந்து, "பயப்படாதீங்கப்பா, ஒண்ணும் செய்ய மாட்டாரு" என்று காதில் சொன்னாள்.

கெட்ட வார்த்தை, பெரும்பாலும் லாரிக்காரர்களை. ஆள் கூடுதலாக ஏற்றுவது. செக்போஸ்டில் பொய். கிறிஸ்மஸுக்குக் குடித்தது, கிறிஸ்மஸ் இல்லாமலும் குடித்தது. சூசையப்பனை மனதுக்குள் வாளி என்று கூப்பிடுவது. இதற்குச் சாமியார் இருமினார், சிரிப்பை மறைக்கிற இருமல்.

"வேறு?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் பயந்து வந்தேன். சின்னத்தாயைக் கட்டியதைப் பாவம் என்று சொல் என்றால் எழுந்து வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நிமியிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"வேற இல்ல சாமி."

"சரி" என்றார். "இனி லாரிக்காரனைக் கண்டால் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லணும்." அப்படியென்றால் நான் நாளெல்லாம் ஜெபத்தில்தான் இருப்பேன்.

மே 12, ஞாயிறு

நிமிக்குப் புது நன்மை.

வெள்ளை கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுவத்தி. கிரீடம் இரண்டு தடவை கழன்றது. சின்னத்தாய் ஹேர்பின்னை வாயில் கடித்துக்கொண்டு, "ஆடாம நில்லுடி, ஏஞ்சலு" என்று அதட்டினாள். அவள் பட்டுச்சேலை, நிறைய மல்லி, குங்குமம் பெரிதாக வைத்திருந்தாள். வழக்கத்தைவிடப் பெரிது. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. கற்றுக்கொண்டு வருகிறேன்.

ஒரு சின்னக் குழப்பம். பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அப்பா அம்மா போகவேண்டும். "நான் எதுக்கு? சும்மா போயிட்டுச் சும்மா திரும்பவா?" என்றாள். நிமிக்கு முகம் சுருங்கியது. சாமியார் பூசைக்கு முன்னாலேயே வந்து, வாங்காதவர்கள் நெஞ்சில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தால் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிப்பேன் என்றார். சின்னத்தாய் யோசித்தாள். "போடட்டும். பொட்டு கலையாமப் போடச் சொல்லு" என்று என்னிடம் சொன்னாள். சாமியார் அவள் எதிரிலேயே நிற்கிறார். அவருக்குத்தான் சொன்னாள்.

போனோம். நடுவில் நிமி. அவள் கை எலிக்குஞ்சு மாதிரி வெதுவெதுப்பாகத் துடித்தது. முதலில் நிமி வாங்கினாள். "ஆமென்" என்று இவ்வளவு சத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பன் சொன்னதற்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. அடுத்து சின்னத்தாய். கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். சாமியார் கவனமாகக் கட்டைவிரலைப் பொட்டுக்கு மேலே கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து அவள் பக்தியாகத் தலையைக் குனிந்தாள். விரல் நேரே பொட்டில் போய் இறங்கியது. அவர் பதறினார். அவள் பரவாயில்லை சாமி என்பது போலத் தலையாட்டினாள். அதன்மேலேயே சிலுவையை வரைந்தார்.

அடுத்து நான். கொரோனா வந்ததிலிருந்து கையில்தான் கொடுக்கிறார்கள். இடக்கையை மேலே வைத்து நீட்டினேன். கிறிஸ்துவின் திருவுடல் என்றார். இந்தத் தடவை சரியாகச் சொன்னேன்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். என்ன ஜெபம் செய்வது என்று முன்பே யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இருக்கோம் என்று மட்டும் சொன்னேன். மூன்று பேரும்.

மத்தியானம் மாரீஸ்வரன் குடும்பத்தோடு வந்தான். பழனாத்தாள் அக்கா கோழி கொண்டுவந்தாள். சூசையப்பன் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். எல்லோரும் போனபிறகு, நிமி கவுனோடேயே தூங்கிப்போனாள். சின்னத்தாய் தலையிலிருந்து மல்லியை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"எப்படிய்யா இருந்துச்சு?"

இத்தனை வருஷம் எதற்காக வாடினேன் என்று தெரிந்துகொள்ளவேண்டும் அவளுக்கு.

"ருசின்னு ஒண்ணுமில்ல தாயி. வாயில வச்சதும் கரைஞ்சிருச்சு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

நம்பாத மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

நான் அவளிடம் சொல்லவில்லை. சாமியார் என் கையில் வைத்தபோது அப்பத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு விரல் தடம் இருந்தது. அவள் குங்குமம். தட்டிவிடவில்லை. அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன்.